5 சென்டிமீட்டரா 8 சென்டிமீட்டரா: ஹைட்டுக்காக காலை நீட்டுற ஆபரேஷன், நானும் தம்பியும் போட்ட கணக்கு

என் தம்பி ஹைட் 160 சென்டிமீட்டர். வயசு 26. அவனுக்கு 168 ஆகணும். ஒன்றரை வருஷமா எங்களுக்குள்ள இதே பேச்சுதான். மொதல் தடவை என்கிட்ட சொன்னப்போ "லூசாடா நீ"ன்னு கேட்டுட்டேன், அது எவ்ளோ பெரிய தப்புன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, ஏன்னா அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் ரெண்டு மாசம் அவன் இதைப் பத்தி வாயே திறக்கல, ராத்திரி ராத்திரி தனியா உக்காந்து வீடியோ பாத்துட்டு, யார் யார்கிட்டயோ கேட்டுட்டு, ஒரு எடத்துல அட்வான்ஸ் கட்டுற வரைக்கும் போயிட்டான். அதனால உங்க வீட்ல யாராவது இப்படி வந்து சொன்னா தயவுசெஞ்சு சிரிச்சிடாதீங்க, திட்டாதீங்க, உக்காந்து கேளுங்க. அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் சேந்து மூணு டாக்டரைப் பாத்தோம், ஒரு நோட்டுப் போட்டு எது எதுக்கு என்ன ரிஸ்க், எது நமக்கு ஒத்துவரும்னு எழுதிட்டே வந்தோம். அதைத்தான் இங்க எழுதறேன். நான் டாக்டர் இல்ல, ஆனா கூட இருந்து பாத்துக்கப் போற ஆள் நான்தான்.

இது என்ன ஆபரேஷன்னு மொதல்ல தெளிவா சொல்லிடறேன், தம்பிக்கே பாதிதான் தெரிஞ்சிருந்துச்சு. எலும்பைப் பிடிச்சு இழுத்தா நீளாது. தொடை எலும்பையோ முழங்காலுக்குக் கீழ இருக்க எலும்பையோ குறுக்க வெட்டிட்டு, ரெண்டு துண்டையும் ஒரு கருவியால பிடிச்சு வெச்சு, ஒரு வாரம் போல சும்மா விடறாங்க. எலும்பு உடைஞ்சா உடம்பு தன்னால ஒட்டவைக்க ஆரம்பிக்கும்ல, அங்க இளசா ஒரு திசு வரும், அது கெட்டியாகறதுக்கு முன்னாடி நாளைக்கு 1 மில்லிமீட்டர் கணக்குல ரெண்டு துண்டையும் விலக்கிட்டே போறாங்க, அதையும் ஒரே அடியா இல்லாம கால் கால் மில்லிமீட்டரா நாலு தடவை. விலக விலக அந்த இடைவெளியில புது எலும்பு வளருது. வேகமா விலக்குனா எலும்பு வராம இடைவெளி அப்படியே வெத்தா நிக்கும், ரொம்ப மெதுவா விலக்குனா பாதியிலயே கூடி இறுகிப் போயிடும், அப்போ திரும்பவும் வெட்டணும். வேணுங்கிற நீளம் வந்ததும் நிறுத்திடுவாங்க, ஆனா வேலை முடிஞ்சுதுன்னு இல்ல, அந்தப் புது எலும்பு உடம்போட வெயிட்டைத் தாங்குற அளவுக்கு இறுகறதுக்கு நீட்டுன காலத்தைவிட ரெண்டு மடங்கு, சிலருக்கு அதுக்கும் மேல ஆகும்.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் கவ்ரீல் இலிசாரோவ், சைபீரியாவுல குர்கான் பக்கம் 1950-கள்ல இருந்து வேலை பாத்தவர். அவர்கிட்ட போனவங்க எல்லாம் எலும்பு கூடாம கிடந்தவங்க, ஒரு கால் குட்டையா இருந்தவங்க. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல ஹை ஜம்ப்ல தங்கம் வாங்குன வலேரி புரூமெல் அடுத்த வருஷமே பைக் ஆக்ஸிடென்ட்ல காலை உடைச்சுக்கிட்டு, பல ஆபரேஷன் பண்ணியும் சரியாகாம கடைசில இலிசாரோவ்கிட்டதான் போனார். இதை ஏன் சொல்றேன்னா, அந்த மாதிரி ஆளுக்கு ரிஸ்க் எடுக்கறதுல ஒரு நியாயம் இருக்கு, ஏற்கனவே கால் கெட்டுப் போயிருக்கு, போறதுக்கு பெருசா ஒன்னும் இல்ல. என் தம்பி கால்ல எந்தக் குறையும் இல்ல, ஓடறான், ஷட்டில் ஆடறான், ரெண்டு கால் மடக்கி தரையில உக்காந்து சாப்பிடறான். அதே ஆபரேஷன், அதே சிக்கல், ஆனா தராசுல எதிர்த்தட்டுல இருக்கற பொருளே வேற. சீனாவுல அழகுக்காக இதைப் பண்றதை 2006-லயே அரசாங்கம் தடை பண்ணிடுச்சு, அவ்ளோ பேருக்கு கண்டபடி பண்ணி கால் கெட்டுப் போனதாலதான்.

சரி, இப்ப கணக்குக்கு வரேன். எல்லாரும் எந்த ராடு (எலும்புக்குள்ள போடற கம்பி) நல்லது, எந்த டாக்டர் நல்லவர்னுதான் ஆரம்பிக்கறாங்க, நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம். எனக்கு இப்ப தோணுறது, அதெல்லாம் ரெண்டாவது. எத்தனை சென்டிமீட்டர், எங்க நிறுத்தறது, இதுதான் மொதல்ல முடிவு பண்ண வேண்டியது. மத்த ரிஸ்க் எல்லாமே இந்த ஒரு நம்பரைப் பிடிச்சுக்கிட்டுதான் ஏறுது.

ஏன்னு சொல்றேன். எலும்பு வளரும், ஆனா அதைச் சுத்தி இருக்க தசை, தசைநாண், நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் கூடவே இழுபடணும்ல. மொதல் ரெண்டு மூணு சென்டிமீட்டர் வரைக்கும் தசை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதுக்கப்புறம் ஒவ்வொரு சென்டிமீட்டரும் முன்னாடி போனதைவிட கஷ்டம். முழங்கால் மடங்காது, இல்ல மடங்குனா நீட்ட வராது, ராத்திரி தூங்க முடியாத அளவுக்கு தொடை விறைச்சுக்கிட்டு நிக்கும், கால் மரத்துப்போகும், கரண்ட் அடிக்கிற மாதிரி சுரீர்னு இழுக்கும். நாங்க பாத்த ரெண்டாவது டாக்டர் ரொம்ப எளிமையா சொன்னார், "அஞ்சாவது சென்டிமீட்டர் வரைக்கும் நீங்க பிசியோவோட சண்டை போடுவீங்க, அதுக்கப்புறம் உங்க உடம்போடயே சண்டை போடணும்"னு. தொடை எலும்புல ஒரு தடவைல 8 சென்டிமீட்டர் வரைக்கும் பண்ற கருவி இருக்கு, அது உண்மைதான், ஆனா கருவி 8 வரைக்கும் போகும்ங்கிறதுக்காக கால் 8 வரைக்கும் தாங்கும்னு அர்த்தம் இல்ல. 

நேரத்தைப் பாருங்க. 5 சென்டிமீட்டர்னா காத்திருக்கற ஒரு வாரம், நீட்டுற 50 நாள், இறுகறதுக்கு மூணு நாலு மாசம். துணையில்லாம நடக்கறதுக்கு எல்லாம் சரியா போனா அரை வருஷம். 8 சென்டிமீட்டர்னா நீட்டறதே 80 நாள், அதுவும் கடைசி 20 நாள் வலி தாங்காம வேகத்தைக் குறைச்சுட்டா இன்னும் இழுக்கும், அப்புறம் இறுகறது, அப்புறம் இழுத்த தசையைப் பழையபடி கொண்டுவர்றது, ஒரு வருஷத்துக்கு மேல போயிடும். கூடக் கிடைக்கறது 3 சென்டிமீட்டர், ஒரு கட்டைவிரல் அகலத்தைவிட கொஞ்சம் ஜாஸ்தி. மனுஷனோட ஹைட் காலைல எழுந்ததுல இருந்து ராத்திரிக்குள்ள முதுகெலும்பு தட்டுங்க அமுங்கறதாலயே ஒரு சென்டிமீட்டருக்கு மேல குறையுது, யாரும் கவனிக்கறதில்ல. இதைத் தம்பிகிட்ட சொன்னப்போ அவன் கோவமா, "உனக்கு 5 சென்டிமீட்டர் போதும்னு தோணுது, 165-ல நின்னா நான் இன்னும் எல்லாரையும் அண்ணாந்துதான் பாக்கணும்க்கா"ன்னான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அவன் சொல்றதும் உண்மைதான். ஆனா 168-ல நின்னாலும் 175 காரங்களை அண்ணாந்துதான் பாக்கணும், இந்த ஏணிக்கு மேல்படின்னு ஒன்னு இல்ல, இதையும் அவன்கிட்ட சொன்னேன்.

இன்னொன்னு, உடம்போட அளவு. நீளுறது கால் மட்டும்தான், கை அப்படியே இருக்கும், இடுப்புக்கு மேல அப்படியே இருக்கும். பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு கையையும் விரிச்சா வர்ற நீளம் ஹைட்டுக்கு கிட்டத்தட்ட சமமா இருக்கும். 5 சென்டிமீட்டர்னா யாருக்கும் தெரியாது. 8, இல்ல தொடையும் கீழ்க்காலும் ரெண்டுமே பண்ணி 12, 13-ன்னு போறவங்களுக்கு கை குட்டையா தெரிய ஆரம்பிக்கும். தம்பிக்கு ரெண்டு கையையும் விரிச்சா 161தான், நான்தான் டேப் வெச்சு அளந்தேன். கை நீளமா இருக்கவங்களுக்கு இந்த விஷயத்துல கொஞ்சம் இடம் இருக்கு, அதனால டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி இதை வீட்லயே அளந்துக்கோங்க.

அடுத்தது தொடையா கீழ்க்காலா. எங்க நோட்டுல இதுக்குத்தான் ரொம்ப பக்கம் போச்சு. தொடை எலும்பைச் சுத்தி நல்ல சதை இருக்கு, ரத்த ஓட்டம் நல்லா இருக்கும், அதனால எலும்பு சீக்கிரம் கூடும், நாளைக்கு 1 மில்லிமீட்டர் போலாம். கீழ்க்கால்ல முன்பக்கம் தொட்டாலே எலும்புதான், மேல தோல் மட்டும்தான், எலும்பு கூடறது மெதுவா இருக்கும், அதனால நிறைய டாக்டருங்க நாளைக்கு முக்கால் மில்லிமீட்டர்தான் போறாங்க, அப்போ 5 சென்டிமீட்டருக்கே 67 நாள் கிட்ட ஆயிடும். கூடவே பக்கத்துல இருக்க சின்ன எலும்பையும் வெட்டணும், அது தனியா நழுவாம இருக்க கணுக்கால்கிட்ட ஸ்க்ரூ போடணும். கீழ்க்கால்ல பெரிய தொல்லை குதிகால் தசைநாண். கெண்டைச்சதை இழுபட்டு குதிகால் மேல தூக்கிக்கும், பாதம் தரையில பதியாது, முன்னங்கால்லயே நிக்கற மாதிரி ஆயிடும். தினமும் மணிக்கணக்கா ஸ்ட்ரெச்சிங், ராத்திரி பாதத்தை நேரா பிடிச்சு வைக்க ஸ்ப்ளின்ட், இதெல்லாம் பண்ணியும் சரியாகலன்னா தசைநாணை வெட்டி நீளமாக்க இன்னொரு ஆபரேஷன், அதுக்கப்புறம் குதிக்கிற ஓடுற வலு முன்ன மாதிரி இருக்காது. முழங்காலுக்கு வெளிப்பக்கமா ஓடுற ஒரு நரம்பு இழுபட்டா பாதத்தைத் தூக்க முடியாம தொங்கும், அதை நேரத்தோட கவனிச்சு நீட்டறதை மெதுவாக்குனா, இல்ல நிறுத்துனா திரும்ப வர வாய்ப்பு நிறைய இருக்கு, கவனிக்காம விட்டா வராமலே போயிடலாம்.

தொடைக்கும் அதோட தொல்லை இருக்கு. தொடை முன்பக்கம், பின்பக்கம், இடுப்புப் பக்கவாட்டுல ஓடுற பட்டை எல்லாம் விறைச்சு, இடுப்பு முன்னாடி சாஞ்சு, பின்பக்கம் தள்ளிக்கிட்டு வாத்து மாதிரி நடை வரும். நிறைய பேருக்கு மாசக்கணக்குல இருந்துட்டு சரியாயிடும், பிசியோ ஒழுங்கா பண்ணாதவங்களுக்கு தங்கிடும். அப்புறம் தொடை எலும்பு நேரா கீழ இறங்கல, இடுப்புல இருந்து உள்பக்கமா சரிஞ்சுதான் முழங்காலுக்கு வருது, ராடு அந்த சரிவுலயே நீளுறதால நம்ம வெயிட் இறங்குற கோடு ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கமா நகரும். 5 சென்டிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர்னா நேரான கால் இருக்கவங்க தாங்கிக்குவாங்க, ஏற்கனவே முழங்கால் உள்பக்கமா முட்டுற மாதிரி கால் இருக்கவங்களுக்கு அது பிரச்சனைதான், எதிர்காலத்துல மூட்டுத் தேய்மானம் வரைக்கும் யோசிக்கணும். அதனாலதான் நின்னபடி இடுப்புல இருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே படமா எடுக்கற எக்ஸ்ரே இல்லாம பேசற டாக்டரை நம்பாதீங்க. நாங்க பாத்த மொதல் ஆள் அந்த எக்ஸ்ரேயே கேக்கல, மொபைல்ல எடுத்த போட்டோ பாத்துட்டு டேட் குடுத்தார்.

எங்க முடிவு, பண்ணா தொடைதான். கணுக்காலும் பாதமும் கெடாம இருந்தா மத்ததை மெல்லச் சரிபண்ணிக்கலாம்ங்கிறது என் எண்ணம். கீழ்க்கால் பண்ணா பாக்க லட்சணமா இருக்கும்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அது பெரிய காரணமா தெரியல. நாலு எலும்பையும் ஒரே தடவைல நீட்டுற பேச்சுக்கு நான் வரவே மாட்டேன், உங்களையும் போக வேணாம்னுதான் சொல்வேன்.

இப்ப கருவி. மூணு வழி இருக்கு. மொதலாவது பழைய இலிசாரோவ் ரிங், இல்ல அதோட புது மாடல்கள், காலுக்கு வெளிய வளையம், கம்பி தோலைத் துளைச்சு எலும்புக்குப் போகும். எலும்பு உள்ளுக்குள்ள மஜ்ஜையைத் துளைக்க வேணாம், கோணல் வந்தா வெளிய இருந்தே திருத்திக்கலாம், வெயிட்டும் நல்லா தாங்கும், சீக்கிரமே ஊன்ற விடறாங்க. ஆனா எலும்பு இறுகற வரைக்கும் அது கால்லயே இருக்கணும், சென்டிமீட்டருக்கு ஒரு மாசம், ஒன்றரை மாசம்னு கணக்கு, 5-க்கு அஞ்சுல இருந்து ஏழு மாசம் ரெண்டு கால்லயும் இரும்போட. பேன்ட் போட முடியாது, புரண்டு படுக்க முடியாது, கம்பி நுழையற ஒவ்வொரு ஓட்டையையும் சுத்தம் பண்ணிட்டே இருக்கணும், அதுல சீழ் பிடிக்கறது ரொம்ப சாதாரணம், பெரும்பாலும் மாத்திரையிலயே அடங்கிடும், தழும்பு மட்டும் இருக்கும்.

ரெண்டாவது கலப்பு முறை, எலும்புக்குள்ள ஒரு சாதா ராடும் போட்டு வெளிய ரிங்கும் போடறது. நீட்டி முடிஞ்சதும் ராடை ஸ்க்ரூ போட்டு லாக் பண்ணிட்டு ரிங்கை கழட்டிடலாம், ரெண்டு ரெண்டரை மாசத்துல இரும்பு போயிடும். கேக்க நல்லா இருக்கும், செலவும் நடுத்தரம். எனக்கு இதுலதான் பயம் ஜாஸ்தி, ஏன்னா வெளிக்கம்பி வழியா போற கிருமி உள்ள இருக்க ராடைத் தொட்டுடுச்சுன்னா எலும்பு முழுக்க இன்ஃபெக்ஷன் பரவும், ராடை எடுத்து, கழுவி, மாசக்கணக்குல மருந்து. நல்ல கைகள்ல இது நல்லாவே நடக்குது, மறுக்கல, ஆனா கை நல்லதான்னு நமக்கு எப்படித் தெரியும்.

மூணாவது முழுக்க உள்ளேயே இருக்கற ராடு. இப்ப நிறைய பேர் பேசறது காந்தத்துல ஓடுற பிரிசைஸ்ங்கிற ராடு, 2011-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. தொடை மேல ஒரு மெஷினை வெச்சா உள்ள இருக்க காந்தம் சுத்தி ராடு நீளும், வலி தாங்கலன்னா திரும்பச் சுருக்கவும் முடியும், எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயமே அதுதான். வெளிய ஓட்டை இல்லாததால கம்பி இன்ஃபெக்ஷன் இல்ல, தழும்பு சின்னது. இதுக்கு முன்னாடி வந்த ஒரு ராடு, நடக்கும்போது கால் திரும்புறதாலயே நீளுற மாதிரி இருந்துச்சு, சிலருக்கு அது கட்டுப்பாடு இல்லாம நினைச்சதைவிட வேகமா நீண்டு நரம்பை இழுத்துடுச்சு, அதோட ஒப்பிட்டா இது எவ்வளவோ பாதுகாப்பு. ஆனா இது டைட்டானியம், உடம்பு வெயிட்டை முழுசா தாங்காது, ராடோட தடிமனைப் பொறுத்து கொஞ்சம் வெயிட்தான் போட விடுவாங்க, ரெண்டு காலும் ஒன்னா பண்ணா மாசக்கணக்குல வீல்சேர், வாக்கர்தான். அவசரப்பட்டு ஊன்றி நடந்து ராடை வளைச்சுக்கிட்டவங்க, உடைச்சுக்கிட்டவங்க இருக்காங்க. உள்ள காந்தம் இருக்கற வரைக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன் கிட்டயே போகக்கூடாது. அப்புறம் எலும்பு நல்லா இறுகுனதும், ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் கழிச்சு, ராடை எடுக்க இன்னொரு ஆபரேஷன், அதோட செலவை நிறைய பேர் மொதல் கணக்குல சேக்கறதே இல்ல.

இந்த வெயிட் பிரச்சனைக்குத்தான் ஸ்ட்ரைடுன்னு ஸ்டீல் ராடு 2018-ல வந்துச்சு, நட்டதுல இருந்தே ஊன்றி நடக்கலாம்னு எல்லாரும் கொண்டாடுனாங்க. 2021-ல கம்பெனியே அதைத் திரும்ப எடுத்துக்கிச்சு, ராடோட ரெண்டு பாகம் ஒன்னுக்குள்ள ஒன்னு நுழையற இடத்துல உலோகம் துருப்பிடிக்கற மாதிரி அரிச்சுப் போய், சிலருக்கு அந்த இடத்து எலும்பே மாற ஆரம்பிச்சுது, வலியும் வந்துச்சு. தம்பி பாத்த பழைய வீடியோ பாதி இந்த ராடு போட்டவங்க எடுத்தது, அவங்க ரெண்டாவது வாரத்துலயே நடக்கறாங்கன்னு இவன் ஏங்கிட்டிருந்தான். அதனால யாரோட அனுபவத்தைக் கேட்டாலும் எந்த வருஷம், எந்த ராடு, எந்த எலும்புன்னு மூணையும் கேளுங்க. புதுசா வந்த கருவியில மொத ஆளா போய் நிக்காதீங்க, பத்து வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு இன்னும் யாரும் பாத்ததில்ல.

உயிருக்கே ஆபத்தான விஷயம் ரெண்டு இருக்கு, அதை டாக்டர் வாயால கேட்டு வாங்கணும். எலும்புக்குள்ள ராடு போட துளைக்கும்போது மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்துல கலந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம், மொதல் ரெண்டு மூணு நாள்தான் இதுக்கு பயம், ரெண்டு தொடையும் ஒரே நாள்ல பண்ணா கொழுப்பும் ஜாஸ்தி இறங்கும். துளைக்கறதுக்கு முன்னாடி எலும்புல சின்ன ஓட்டை போட்டு அழுத்தத்தை வெளிய விடறது ஒரு வழி, ரெண்டு காலுக்கும் நடுவுல சில வாரம் இடைவெளி விடறது இன்னொரு வழி. அடுத்தது, அசையாம கிடக்கறதால கால்ல ரத்தம் உறைஞ்சு அது நுரையீரலுக்குப் போறது, அதுக்கு ரத்தம் உறையாம இருக்க மருந்து தரணும். ரெண்டாவது டாக்டர்கிட்ட நாங்க கேக்காமயே ரெண்டையும் சொன்னார். மொதல் ஆள்கிட்ட நான் கேட்டப்போ "அதெல்லாம் கோடில ஒருத்தருக்கு"ன்னு சிரிச்சார், அன்னிக்கே அந்த அட்வான்ஸைத் திரும்பக் கேக்கச் சொல்லிட்டேன்.

தூர ஊருக்கோ வெளிநாட்டுக்கோ போய் கம்மி செலவுல பண்ணிட்டு வரலாமான்னும் யோசிச்சோம். ஆபரேஷன் ஒரு நாள், நீட்டறது ரெண்டு மாசம், சிக்கல் வர்றது பெரும்பாலும் அந்த ரெண்டு மாசத்துலதான். அங்க வெட்டிட்டு இங்க வந்து படுத்தா, பாதம் தொங்க ஆரம்பிச்ச அன்னிக்கு யாரைக் கூப்பிடறது, இங்க இருக்க டாக்டர் வேற ஒருத்தர் போட்ட கருவியைத் தொட யோசிப்பார், அதோட மெஷினும் அவர்கிட்ட இருக்காது. நீட்டி முடிஞ்சு எக்ஸ்ரேல எலும்பு தெரியற வரைக்கும் டாக்டர் இருக்கற ஊர்லயே தங்க முடியலன்னா, என்னைப் பொறுத்தவரை அந்தக் கம்மி செலவு நிஜமான கம்மி இல்ல. தங்கற செலவு, தினசரி பிசியோ, சம்பளம் இல்லாத மாசங்கள், ராடு எடுக்கறது, எதிர்பாராம ஒரு ஆபரேஷன், இவ்ளோவும் சேத்து கையில வெச்சுட்டுத்தான் ஆரம்பிக்கணும், கடன் வாங்கி பண்ணவே கூடாது, காசு தீந்துடுச்சுன்னு பிசியோவை நிறுத்துனவங்களுக்குத்தான் முழங்கால் இறுகிப் போகுது.

பண்ணாமலே இருக்கறதையும் ஒரு வழியா வெச்சு நேர்மையா எடை போட்டோம், அது எங்க நோட்டுல கடைசில வந்துச்சு, உண்மைல மொதல்ல வந்திருக்கணும். ஷூவுக்குள்ள வைக்கற இன்சோல் 2, 3 சென்டிமீட்டர் வரைக்கும் தொல்லையில்லாம தரும், அதுக்கு மேல போனா முன்பாதத்துல வலி. வளர்ச்சிக்குன்னு விக்கற மாத்திரை, பவுடர், தொங்கற பயிற்சி எதுவும் எலும்பு முனையில இருக்க வளர்ச்சித் தட்டு மூடுனதுக்கப்புறம் ஒரு மில்லிமீட்டர்கூட தராது. டீன் ஏஜ்ல இருக்கவங்க இதைப் படிச்சா, ஆபரேஷனை யோசிக்காம மொதல்ல ஹார்மோன் டாக்டரைப் பாருங்க, மணிக்கட்டு எக்ஸ்ரே ஒன்னுலயே இன்னும் வளர இடம் இருக்கா இல்லையான்னு சொல்லிடுவாங்க.

மனசு விஷயத்தை நான் லேசா எடுத்துக்க விரும்பல. தம்பிக்கு ஹைட் மட்டும்தான் பிரச்சனையா, இல்ல எல்லாத்துக்கும் ஹைட்தான் காரணம்னு அவன் முடிவு பண்ணிட்டானா, இது எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆச்சு. ஒரு பொண்ணு வேணாம்னு சொன்னது, ஆபீஸ்ல ஒருத்தன் தலையில தட்டுனது, போட்டோல எப்பவும் மொத வரிசையில நிக்க வெச்சது, இதெல்லாம் அவன் ஒரு நாள் வரிசையா சொன்னப்போ எனக்கு அழுகை வந்துடுச்சு, பதினஞ்சு வருஷமா சேத்து வெச்சிருக்கான். "நீ பொண்ணு, உனக்கு இது புரியாதுக்கா"ன்னான். சரியாத்தான் சொன்னான். தன் உடம்புல ஒரு குறையை விடாம பாத்துட்டே இருக்கற மனநோய் இருக்கறவங்களுக்கு ஆபரேஷன் பண்ணாலும் நிம்மதி வராது, அந்தக் குறை வேற எடத்துக்கு மாறிக்கும், அதனால நல்ல டாக்டருங்க மனநல ஆலோசகரைப் பாத்துட்டு வரச் சொல்வாங்க. ரெண்டாவது டாக்டர் சொன்னார், தம்பி போனான், ஆறு தடவை போனான். அந்த மாதிரி நோய் எதுவும் இல்லன்னு சொன்னாங்க, ஆனா அவன் வெளிய வந்து சொன்ன ஒரு விஷயம் எனக்கு முக்கியமா பட்டுச்சு, "168ங்கிற நம்பர் எங்க இருந்து வந்துச்சுன்னு அவங்க கேட்டாங்கக்கா, எனக்குத் தெரியல"ன்னான்.

அன்னிக்கு ராத்திரிதான் நோட்டுல கடைசிப் பக்கம் எழுதுனோம். தொடை மட்டும். உள் ராடு. 5 சென்டிமீட்டர், அதுக்கு மேல டாக்டரே கேட்டாலும் வேணாம். முழங்கால் மடங்கற அளவு டாக்டர் சொல்ற கோணத்துக்குக் கீழ போனா அன்னிக்கே நிறுத்தறது, பாதத்துல மரத்துப்போறது குறையாம இருந்தா நிறுத்தறது, எக்ஸ்ரேல எலும்பு மெலிசா தெரிஞ்சா நிறுத்தறது, 3 சென்டிமீட்டர்லயே நிறுத்த வேண்டி வந்தா 163 போதும். இந்தக் கடைசி வரியை எழுத அவனுக்கு அரை மணி நேரம் ஆச்சு. இந்த வரியை எழுத முடியாதவங்க ஆபரேஷன் டேபிள்ல படுக்கக்கூடாதுன்னு நான் நம்பறேன், ஏன்னா நீட்டிட்டிருக்கும்போது, வலியில, தூக்கம் இல்லாம, "இன்னும் ஒரு சென்டிமீட்டர்தானே"ன்னு தோணும்போது சரியா முடிவெடுக்க யாராலயும் முடியாது.

டாக்டர் வெச்ச கண்டிஷன் ரெண்டு. விட்டமின் டி குறைவா இருந்துச்சு, அதைச் சரிபண்ணணும். சிகரெட்டை ஆறு மாசம் முழுசா விட்டிருக்கணும், நிக்கோட்டின் எலும்பு கூடறதைக் கெடுக்கும்னு, நீட்டற காலத்துல சில வலி மாத்திரைகூட அதே காரணத்துக்காகத் தரமாட்டாங்களாம். தம்பி விட்டு 41 நாள் ஆச்சு. தினமும் ராத்திரி தொடைக்கும் கெண்டைக்கும் ஸ்ட்ரெச்சிங் பண்றான், பண்ணாலும் பண்ணலன்னாலும் அது நல்லதுதானேங்கறான். ஆறு மாசம் முடிஞ்சு போய் நிக்கும்போது வேணும்பானா வேணாம்பானான்னு எனக்குத் தெரியாது, நானும் கேக்கறதில்ல. ஆபீஸ்ல லீவு மட்டும் சேத்து வெச்சிட்டிருக்கேன்.